படைவீரருக்கு ஏற்ற கத்தி எது?

நாட்டுப் பாதுகாப்புக்கான ஆராய்ச்சி என்றவுடன் ஏவுகணைகளும் ராடார்களும் நீர்மூழ்கிக் கப்பல்களுமே நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. அவை பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. எனினும், காலாட்படை வீரர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் ஏவுகணை எதையும் தொடாமலேயே ஓய்வு பெற்றுவிடக்கூடும். கத்தியை எடுக்காமல் அவர் களத்தில் கழிக்கும் நாட்களோ மிகச் சில. கூடாரக் கயிற்றை அறுப்பது, உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பது, பெட்டிகளைச் சுற்றிய தகட்டுப் பட்டையைக் கழற்றுவது, அடுப்புக்குச் சுள்ளி சீவுவது, கம்பியின் மேலுறையை உரிப்பது, காயமுற்ற தோழரின் கால்சராயைக் கிழித்துக் காயத்தை வெளிப்படுத்துவது, வெங்காயம் நறுக்குவது என்று அதன் வேலைகள் நீளுகின்றன. இத்தனை வேலைகளைச் செய்யும் ஒரு கருவி, அறிவியலாளரின் கவனத்துக்குத் தகுதியற்ற சிறுபொருளாக எண்ணப்படுவது முறையன்று.

அதைப்பற்றிச் சிந்தித்தவர்களிலும் பலர் தலைகீழாகவே தொடங்கியிருக்கிறார்கள். முதலில் எதிரியைக் குத்தும் ஆயுதமாக அதைக் கற்பனை செய்துகொண்டு, பிறகு கயிறு அறுக்கவும் உதவுமாறு ஒட்டுப்போட முயன்றிருக்கிறார்கள். கயிற்றிலிருந்தும் மரத்திலிருந்தும் தகரத்திலிருந்தும் துணியிலிருந்தும் தொடங்குவதே சரி என்பது என் கட்சி. அவ்வாறு செய்யப்பட்ட நல்ல கத்தி, வேறு வழியில்லாத நேரத்தில் தற்காப்புக்கும் உதவாமற் போகாது. இதன் மறுதலை உண்மையன்று என்பதற்கு வரலாறே சான்று.

ஷாங்காய் நகரப் போலீசில் பணிபுரிந்த பேர்பேர்ன், சைக்ஸ் என்னும் இரு ஆங்கிலேயர்கள் வகுத்த கமாண்டோக் கத்தி 1940 நவம்பரில் உருவாயிற்று. இருபுறமும் கூருள்ள, ஒடுங்கிய, ஊசிபோன்ற நுனியுடைய குத்துவாள் அது. வகுத்தவர்கள் கருதிய ஒரே காரியத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வீரர் அதைக் கொண்டு மரப்பெட்டியின் மூடியை நெம்பினால் நுனி முறிந்தது; விறகு சீவ முயன்றால் உருண்டைப் பிடி கைக்குள் சுழன்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1942 இல், அமெரிக்கக் கடற்படைப் பிரிவினர் ஏற்றுக்கொண்ட கத்தியை நோக்குங்கள். ஏழு அங்குல அலகு. ஒரு புறம் மட்டுமே முழுக் கூர். தோல் வளையங்களை அடுக்கி அழுத்திய பிடி. சண்டை, உபயோகம் என்னும் இரு சொற்களையும் அதன் பெயரிலேயே சேர்த்து வைத்தார்கள். முன்னது அருங்காட்சியகங்களிலும் படைச் சின்னங்களிலும் நிலைபெற்றது. பின்னது பல போர்களில் வீரர்களின் இடுப்பில் தொங்கியது.

துப்பாக்கி முனையில் செருகும் பயனெட்டின் கதையும் இதையே சொல்கிறது. இந்தியப் படையினர் இரு உலகப் போர்களிலும் ஏந்திய 1907 ஆம் ஆண்டு வகைப் பயனெட்டின் அலகு 17 அங்குலம். அது கிட்டத்தட்ட ஒரு வாள். இரண்டாம் உலகப் போரின்போது நம் நாட்டில் அதை 12 அங்குலமாகக் குறைத்துச் செய்தார்கள். அமெரிக்கர்களும் 1943 முதல் தங்கள் 16 அங்குலப் பயனெட்டைப் பத்து அங்குலமாக வெட்டினார்கள். பிரிட்டிஷார் இதற்கு ஒரு படி மேலே போய், தங்கள் 4 ஆம் எண் துப்பாக்கிக்கு எட்டு அங்குல நீளமுள்ள வெறும் முள் ஒன்றைக் கொடுத்தார்கள். செய்வதற்கு மலிவு; குத்துவதற்கு வலிது. வாய் என்பதே இல்லாத அந்த முள்ளால் ஒரு ரொட்டித் துண்டைக் கூட அறுக்க இயலாது. காட்டுப் போருக்கென 1944 இல் வந்த 5 ஆம் எண் துப்பாக்கிக்கு மறுபடியும் கத்தி வடிவில் பயனெட் தரப்பட்டது. ரஷ்யர்கள் 1959 இல் தங்கள் துப்பாக்கிக்கு அமைத்த பயனெட்டில், அலகிலுள்ள துளையை உறையின் நுனியிலுள்ள முளையில் மாட்டினால் இரண்டும் சேர்ந்து முள்கம்பி வெட்டும் கத்தரியாகும். அமெரிக்கர்களே 1980களில் இந்த யுக்தியை மேற்கொண்டார்கள் என்றால் அதன் சிறப்புக்கு வேறு நற்சான்று வேண்டுவதில்லை. ஆயினும் பயனெட் என்பது துப்பாக்கிக் குழலுக்கும் கைக்கும் ஒருசேர ஊழியம் செய்ய வேண்டிய பொருள். அதன் பிடியில் தாழ்ப்பாளும் வளையமும் இருந்தே தீரவேண்டும். அவை வேலை செய்யும் உள்ளங்கையை உறுத்தும். எனவே அதைக் கத்திக்கு ஈடாகக் கொள்ளலாகாது.

இனி நம் நாட்டுப் படைகளில் எல்லோரும் அறிந்த அலகைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூர்க்கா வீரர்களின் குக்ரியைப் புகழாதவர் இல்லை. முன்னோக்கி வளைந்து, நுனிப்பக்கம் கனத்திருக்கும் அந்த அலகு, வெட்டும்போது எடையையெல்லாம் விழும் இடத்தில் கொண்டு சேர்க்கிறது. நேப்பாளக் கொல்லர்கள் அதைப் பெரும்பாலும் லாரியின் வில்பட்டை எஃகிலிருந்து அடிக்கிறார்கள். அவர்கள் தோய்ச்சல் போடும் முறை உலோகவியல் மாணவர் ஒவ்வொருவரும் நேரில் காணத்தக்கது. செக்கச் சிவக்கக் காய்ந்த அலகை நீரில் முழுவதும் அமிழ்த்துவதில்லை. கெண்டியின் மூக்கு வழியாக, அலகின் வாயோரம் மட்டும் நனையுமாறு நீரை ஓடவிடுகிறார்கள். வாய்ப்பகுதி திடீரெனக் குளிர்ந்து கடினமாகிறது. முதுகுப்பகுதி மெல்ல ஆறி, முறியாத நெகிழ்வுடன் நின்றுவிடுகிறது. ஒரே இரும்பில் இரண்டு குணங்கள். ஆராய்ச்சிச்சாலையில் மின் உலைகளைக் கொண்டு நாம் அடைய முயல்வதை அவர்கள் ஒரு கெண்டி நீரால் அடைகிறார்கள்.

இவ்வளவு சிறந்த குக்ரியையே எல்லா வீரர்களுக்கும் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள், அதன் உறையின் பின்புறத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு சிறு கருவிகள் செருகப்பட்டிருக்கும். சக்மக் என்பது கூரற்றது. தீக்கல்லைத் தட்டவும் பெரிய அலகின் வாயைத் திருத்தவும் பயன்படுவது. கர்தா என்பது விரல் நீளமே உள்ள சிறு கத்தி; தோலுரிக்கவும் பழம் நறுக்கவும் நுண்ணிய வேலைகளுக்கும் உரியது. பெரிய அலகு செய்ய முடியாத வேலைகள் உண்டு என்பதை, அதை வகுத்த மலைநாட்டார் பல தலைமுறைகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டு, அதற்கு வழியும் செய்துவிட்டார்கள். நான் இங்கு வாதாடுவது அந்தக் கர்தாவுக்காகவே. அதைச் சற்று வளர்த்து, தனி உறை கொடுத்து, எல்லாப் படைப்பிரிவினருக்கும் உரியதாக்க வேண்டும். மரம் வெட்டும் வேலை குக்ரிக்கும் தாவுக்கும் கோடரிக்கும் உரியது. அதைச் சிறு கத்தியின் தலையில் சுமத்துவது வீண்.

அப்படியானால் அலகு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 12 முதல் 13 சென்டிமீட்டர் போதும் என்பேன். ஆஸ்திரியப் படையினரின் 1978 ஆம் ஆண்டுக் களக்கத்தியின் அலகு ஏறத்தாழ பதினாறரை சென்டிமீட்டர்; அது பிடி, உறை ஆகியவற்றின் எளிமையால் புகழ் பெற்ற நல்ல கத்தி. சுவீடனில் மோரா நகரத்தார் செய்யும் கத்திகளோ பத்து சென்டிமீட்டரைச் சுற்றியே நிற்கின்றன. அந்நாட்டு வீரர்கள் அவற்றைக் கொண்டே பனிக்காட்டில் காலம் தள்ளுகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளம், மணிக்கட்டளவு பருமனுள்ள கிளையைப் பிளக்கவும் உதவும். நுனியை விரலின் நீட்சிபோல் ஆளவும் இடம் தரும். வீரர் உட்காரும்போது உறை தொடையில் குத்தாது என்பதும் சிறிய நன்மையன்று.

தடிமன் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கால் அங்குலத் தடிமனுள்ள கத்தியைக் கையில் எடுத்தவுடன் அதன் கனம் நம்பிக்கையை ஊட்டுகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 30 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஓர் அலகை மரப்பிளவில் செருகி, பிளவிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி, அதன் தட்டைப் பக்கத்தின்மேல் 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறி நிற்பதாகக் கொள்வோம். அப்போது பிளவின் வாயில் எஃகு தாங்க வேண்டிய தகைவு, சதுர மில்லிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 780 நியூட்டன். வாயைச் சீவியதால் வெட்டுமுகத்தின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்றாலும் இது 1,200ஐத் தாண்டாது. நன்கு பதப்படுத்திய வில் எஃகு 1,500க்கு மேலும் தாங்கிவிட்டு, பாரம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆளே ஏறி நின்றாலும் வளைந்து போகாத அலகுக்கு மேலும் தடிமன் எதற்கு? தடிமனைக் கால் அங்குலமாக்கினால் தகைவு பாதியாகும் என்பது உண்மைதான். ஆனால் அலகின் எடை நூற்றுக்கு நாற்பது பங்கு கூடும். அதைவிடத் தீயது, முதுகிலிருந்து வாய்வரை சரிந்து இறங்கும் ஆப்பின் கோணம் எட்டரை டிகிரியிலிருந்து பன்னிரண்டு டிகிரியாக அகன்றுவிடும். அறுக்க வேண்டியது பிளக்கத் தொடங்கும். வீரர் ஒவ்வொரு முறையும் கூடுதல் பலத்தைச் செலவிடுவார். பலம் கூடக் கூட, நழுவும்போது காயத்தின் ஆழமும் கூடும். மழுங்கிய கத்தியே கையை வெட்டும் என்று வீட்டுப் பெண்டிர் சொல்வது இதே கணக்கு.

அப்படியிருந்தும் கத்திகள் முறிகின்றனவே என்றால், அவை முறிவது அலகின் நடுவில் அன்று. முறிந்த கத்தியை எடுத்துப் பாருங்கள்: பிளவு பெரும்பாலும் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டிருக்கும். கைப்பிடிக்குள் நுழையும் காம்பு அலகோடு சேருமிடத்தில் செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால், தகைவு அந்த மூலையில் குவிந்து இரண்டு மூன்று மடங்காகப் பெருகுகிறது. அந்த மூலையை வளைவாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. மூன்று மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு, இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் தடிமனைவிட அதிக உபகாரம் செய்யும்; அதற்கு எடையும் இல்லை. வரைபடம் வரைபவர் பேனாவைச் சற்றுத் திருப்பினால் போதும்.

முதுகில் அரம்பப் பற்கள் வெட்டும் வழக்கத்தையும் இந்த நோக்கிலேயே காண வேண்டும். ஒவ்வொரு பல்லிடுக்கும் பிளவு பிறக்கும் தொட்டில். அமெரிக்க விமானிகளுக்கு 1960களிலிருந்து வழங்கிய ஐந்து அங்குலக் கத்தியில் அத்தகைய பற்கள் இருந்ததற்குத் தக்க காரணம் உண்டு. விழுந்த விமானத்தின் மெல்லிய அலுமினியத் தோலை அறுத்துக்கொண்டு வெளியேறுவதற்கே அவை அமைக்கப்பட்டன. காலாட்படை வீரருக்கு அந்தத் தேவை இல்லை. மரம் அறுக்கலாம் என்பார்கள். அந்தப் பற்களால் மரத்தை அறுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மாறாக, சுள்ளி பிளக்க முதுகின்மேல் ஒரு கட்டையால் தட்டும்போது அந்தப் பற்கள் கட்டையைக் கடித்துத் தின்னும். முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்த முடியாமலும் போகும். 1982 இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் கதாநாயகன், உள்ளே கூடாய், தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் அடைத்த பிடியுடைய அரம்பமுதுகுக் கத்தி ஒன்றைத் தாங்கி வந்தான். அதன்பின் உலகெங்கும் கத்தி செய்பவர்களுக்கு அதுவே இலக்கணமாகிவிட்டது. பிடியைக் கூடாக்கினால் காம்பு குட்டையாக வேண்டும். நெம்பும் விசை முழுவதும் அந்தக் குட்டைக் காம்பின்மேல் விழும். தூண்டில் முள்ளுக்குச் சட்டைப்பை போதாதா?

எஃகைத் தேர்வதில் எனக்கும் என் நண்பர்கள் சிலருக்கும் நெடுநாள் கருத்து வேற்றுமை உண்டு. அவர்கள் துகள் உலோகவியல் முறையில் செய்யப்படும் உயர்ந்த எஃகுகளை விரும்புகிறார்கள். வனேடியம் கார்பைடு நிறைந்த அவ்வெஃகுகளின் வாய் எளிதில் மழுங்காது என்பதை மறுப்பவர் யார்? ஆனால் எப்போதும் மழுங்காத கத்தி இல்லை. மழுங்கும் நாளில் வீரரின் கையில் இருப்பது ஆற்றங்கரைக் கல்லோ, முகாமிலுள்ள சாதாரணச் சாணைக்கல்லோதான். சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிட வனேடியம் கார்பைடு கடினமானது. கல் கத்தியைத் தேய்ப்பதற்குப் பதிலாகக் கத்தி கல்லைத் தேய்க்கும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அதை மலையுச்சிக் காவல்நிலைக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? ஆகவே 0.6 சதவிகித அளவு கார்பனும் சிறிது குரோமியமும் கொண்ட வில் எஃகையே நான் பரிந்துரைப்பேன். சுமார் 850 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 250 டிகிரியை ஒட்டிப் பதப்படுத்தினால் ராக்வெல் அளவையில் 55 அல்லது 56 நிற்கும். மோட்டார்த் தொழிலுக்காக இவ்வெஃகு நம் நாட்டிலேயே ஏராளமாக உருக்கப்படுகிறது. அதைப் பதப்படுத்தத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மீரட் நகரத்துக் கத்தரிக்கோல் தொழிலாளர்கள் பழைய வண்டிப் பட்டைகளைக் கொண்டே தங்கள் கைத்திறனை வளர்த்தவர்கள். தென்னாட்டு உருக்கின் பழம்பெருமையை இவ்விடத்தில் எடுத்துரைக்கும் ஆசை எழுகிறது. ஆனால் பெருமை பேசி ஒரு கத்திக்கும் வாய் வைக்க முடியாது.

துரு ஒரு மெய்யான குறை. பாஸ்பேட் பூச்சு துருவைத் தடுக்கும். எனினும் வாயோரத்தில் பூச்சு நிற்காது. மாசின்ராமில் ஆண்டுக்குப் பதினோராயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்தமானில் காற்றே உப்பு. கரையோரங்களிலும் கப்பல்களிலும் பணிபுரிவோருக்கு 13 சதவிகித அளவு குரோமியம் சேர்ந்த துருப்பிடிக்கா எஃகு தேவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 1913 இல் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி இதைக் கண்டபோது, அறுக்காத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரார் அவரைக் கேலி செய்தார்களாம். பதப்படுத்தும் முறை பிடிபட்டபின் அந்தக் கேலி நின்றது. இன்று சவரத் தகடுகளுக்கான துருப்பிடிக்கா எஃகு அரியானாவின் ஹிசாரில் தயாராகிறது; ஆகவே இதற்காகவும் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. ஆனால் பெயரை நம்பிக் கவலையற்றிருக்கலாகாது. உப்புநீர் ஊறிய உறைக்குள் பல நாள் கிடந்தால் இந்த எஃகிலும் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். ஒரே வடிவம், இரண்டு எஃகுகள் என்பது என் யோசனை. பண்டகசாலைக்காரர்களுக்கு இது பிடிக்காது. அவர்களுடைய சிரமம் எனக்குத் தெரியும்.

வெப்பத்தையும் ஈரத்தையும் போலவே குளிரும் நம் நாட்டில் உச்சம் தொடுகிறது. 1984 ஏப்ரல் முதல் நம் வீரர்கள் காத்துநிற்கும் சியாச்சினில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 50 டிகிரி வரை இறங்குவதுண்டு. அங்கே எஃகின் அதிர்ச்சி தாங்கும் சக்தி குறைகிறது. கடினத்தை ஒரு புள்ளி கூட்ட ஆசைப்படுபவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது பிடி. காம்பு பிடியின் விளிம்பு முழுவதும் வெளியே தெரியுமாறு இருபுறமும் பலகை வைத்துத் தறையும் முறை, வலிமைக்கு அடையாளமாகப் போற்றப்படுகிறது. அந்தக் குளிரில் வெறும் விரல் உலோகத்தைத் தொட்டால் தோலின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கையுறை அணிந்திருந்தாலும் வெளியே தெரியும் எஃகு கையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே காம்பு பிடியின் இறுதிவரை செல்ல வேண்டும். ஆனால் அதைச் சுற்றிலும் பிடியின் பொருள் மூடியிருக்க வேண்டும்.

அந்தப் பொருள் எது? தோல் அழகானது. ஆனால் மழைக்காட்டில் பூஞ்சணம் பிடித்து அழுகும். தோல் உறையோ, பதனிடும்போது சேர்ந்த இரசாயனங்களாலும் தேங்கிய ஈரத்தாலும் அலகையே அரிக்கும். ரப்பர்போன்ற மென்மையான பிளாஸ்டிக்குகள் கைக்கு இதமானவை. அவற்றுக்கு எதிர்பாராத பகை ஒன்று உண்டு: கொசுவை விரட்ட வீரர்கள் கையில் பூசிக்கொள்ளும் டீட் என்னும் திரவம். பலவகைப் பிளாஸ்டிக்குகளை அது இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும். மலேரியா நிறைந்த காட்டில் அந்தத் திரவம் இல்லாத கை இராது. நைலானை அது ஒன்றும் செய்வதில்லை. ஆகவே கண்ணாடி இழை கலந்த நைலானே தகுந்தது. கரடுமுரடான சொரசொரப்பை அச்சிலேயே அமைத்துவிடலாம். பிடியின் அளவை அந்நிய நாட்டுக் கத்தியிலிருந்து அப்படியே எடுப்பது தவறு. இந்தியர்களின் உடலளவுகளை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997 இல் நூலாகவே வெளியிட்டது. நான்கு விரல்களுக்கான நம்மவர் உள்ளங்கை அகலம் சராசரியாக எட்டு சென்டிமீட்டரை ஒட்டியது. பனிக் கையுறைக்கும் இடம்விட்டுப் பதினொன்றரை சென்டிமீட்டர் நீளப் பிடி வைக்கலாம். குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருக்கட்டும். இருட்டிலும் வாய் எந்தப் பக்கம் என்பது உள்ளங்கைக்குத் தெரியும். விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம் வேண்டாம். அவை வரைந்தவரின் கைக்குத்தான் பொருந்தும். கை முன்னோக்கி நழுவாதபடி கீழ்ப்புறத்தில் ஒரு விரல்தடை கட்டாயம் தேவை. மேற்புறத் தடை, கட்டைவிரலுக்கு இடைஞ்சல்.

உறையைப் பற்றி எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படியே செய்துவிட்டேன். கத்தி தொலைவதும் உறையால், தொடையில் குத்துவதும் உறையால், இரவில் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுப்பதும் உறையால். மலிவாகவும் எளிதாகவும் வார்க்கக்கூடியது என்று பாலிபுரொப்பிலீனைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். சாதாரணப் பாலிபுரொப்பிலீன் உறைநிலையை ஒட்டியே நொறுங்கும் இயல்பை அடைந்துவிடுகிறது. சமவெளியில் ஆண்டுக்கணக்கில் உழைத்த உறை, பனிமலையில் ஒரு பாறையில் மோதியதும் விரிசல் விடக்கூடும். அடர்மிகு பாலிஎத்திலீனோ கடுங்குளிரிலும் நெகிழ்வை இழப்பதில்லை. இரண்டுக்கும் விலையில் பெரிய வேற்றுமை இல்லை. தெரிந்து தேர்வதுதான் வேற்றுமை. உறையின் அடியில் நீர் வடியத் துளை, குப்புற விழுந்தாலும் நழுவாத பூட்டு, ஒரு கையால் உருவவும் அதே கையால் செருகவும் கூடிய வாய்: இவ்வளவு போதும். உறையிலேயே சாணைக்கல், திசைகாட்டி, கம்பி வெட்டி எல்லாம் சேர்க்கலாம் என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் எழுந்து சொல்வார். அவரை மரியாதையுடன் உட்கார வைக்க வேண்டும்.

உண்மையில், இத்தகைய கருவிகள் கெடுவது பெரும்பாலும் உலைக்களத்தில் அன்று, குழுக்கூட்டத்தில்தான். ஒருவர் சுத்தி கேட்பார். மற்றொருவர் மண்வெட்டி கேட்பார். எறிந்து குத்த வேண்டும் என்பார் மூன்றாமவர். எல்லோரையும் திருப்தி செய்த கத்தி அரைக்கிலோ எடையில் வந்து சேரும். உணவும் நீரும் தோட்டாவும் சுமந்து மலையேறும் வீரர் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கடைத்தெருவில் தம் சொந்தக் காசில் ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கொள்வார். அந்த மடக்கு, அவசரத்தில் பூட்டு விலகி விரலின்மேல் மூடும் நாளில், பிழை யாருடையது?

குழுவுக்குப் பதிலாகச் சான்றை நாடலாம். அலகின் வாய் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அளக்கச் சர்வதேசத் தர நிறுவனத்தின் 8442 ஆம் தரத்தின் ஐந்தாம் பகுதி வழி காட்டுகிறது: மணல்துகள் கலந்த அட்டையை அலகு முன்னும் பின்னுமாக அறுக்க, ஒவ்வோர் ஓட்டத்திலும் வெட்டின் ஆழம் பதிவாகும். அதிர்ச்சி தாங்கும் சக்தியையும் துருவையும் அளக்கும் வசதி நம் நாட்டில் உண்டு. ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடம் 1950 முதல் இயங்குகிறது. போர்ப்பண்டங்களுக்கெனவே கான்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடம் சொல்லாத செய்தியைப் பழைய கத்திகள் சொல்லும். ஒருவர் மூன்றாண்டு பயன்படுத்திய கத்தியை வாங்கிப் பார்த்தால், பிடிக்கு அருகிலுள்ள இரண்டங்குல வாய் தேய்ந்து குழிந்திருக்கிறதா, நுனி மறுபடி சாணை பிடிக்கப்பட்டிருக்கிறதா, பிடியில் எங்கே துணி சுற்றியிருக்கிறார் என்பவை கண்ணுக்குத் தெரியும். துணி சுற்றிய இடமெல்லாம் வடிவமைப்பாளர் பிழை செய்த இடம்.

ஆகவே முதலில் சில நூறு கத்திகளை மட்டும் செய்து, பனிமலை, பாலைவனம், வடகிழக்குக் காடு, கடற்கரை ஆகிய நான்கு இடங்களுக்கும் பிரித்தனுப்பி, ஓராண்டு கழித்து ஒவ்வொன்றையும், முறிந்ததானாலும் உறை மட்டும் எஞ்சியதானாலும், திரும்பப் பெற வேண்டும். தொலைத்தவர் மீது அபராதம் விதிக்கக்கூடாது. எப்படித் தொலைந்தது என்று மட்டும் எழுதி வாங்க வேண்டும். உறையின் பூட்டைப் பற்றி அதைவிட நல்ல அறிக்கை கிடைக்காது. சமையற்கூடத்தாரிடமும் மருத்துவ உதவியாளர்களிடமும் வண்டி ஓட்டுபவர்களிடமும் தனித்தனியே கருத்துக் கேட்க வேண்டும். அதிகாரிகளின் கருத்தை அவற்றுக்குப் பிறகு படிக்கலாம். அதன் பின்னரே இரண்டாம் வரைபடம். உறையோடு சேர்த்து அதன் எடை 300 கிராமைத் தாண்டுமானால், வேறு எதையும் பார்க்காமல் வரைந்தவருக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.